காணும் பொங்கலும் காலி பாட்டில்களும்

கேள்வி: காணும் பொங்கலன்று குடும்பத்தோடு காவிரிக் கரைக்குப் போனோம். புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று விடிகாலையிலிருந்து கிளறிக் கட்டிக்கொண்டு போயும் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. படித்துறை முழுக்க இளவட்டங்கள், கையில் பிளாஸ்டிக் டம்ளர், ஸ்பீக்கரில் அலறும் பாட்டு, போகிற வருகிற பெண்களைப் பார்த்துக் கமெண்ட். தண்ணீரில் இறங்கிய என் மகள் காலில் உடைந்த பாட்டில் குத்தி ஒரே ரத்தம். கடைசியில் கட்டுச்சோற்றை பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். இனிமேல் பண்டிகை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி. பார்ப்பதுதானா?
(வாசகி, லால்குடி)

பதில்: மகளுக்கு டி.டி. ஊசி போட்டாயிற்றா? நடக்கும்போது இன்னும் சுருக்கென்று குத்தினால் கண்ணாடித் துணுக்கு உள்ளேயே இருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

யார் குடிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது என் வேலையில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இடத்தைப் பிடுங்கிக்கொண்டதில்தான். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று மூன்று நாளும் அடுப்படியில் நின்ற பெண்கள், சோற்றைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, நாலு உறவைப் பார்த்து, கும்மியடித்துவிட்டுப் போகிற நாள் அது. அந்த ஒரு நாளிலும் கரையை ஆண்கள் கூட்டம் வளைத்துக்கொண்டு, நீங்கள் பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்டீர்கள் என்றால் அது பண்டிகையே கைமாறிப்போன மாதிரி.

சட்டம் இல்லாமல் இல்லை. போதையில் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 355-வது பிரிவின்படி 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லையென்றால் சமூக சேவை. என்னைக் கேட்டால் அந்தச் சமூக சேவைதான் சரி: மறுநாள் காலை சாக்கைக் கொடுத்துப் படித்துறையில் கண்ணாடி பொறுக்கச் சொல்ல வேண்டும். மெரினாவில் அன்றைக்குச் சவுக்குக் கட்டை கட்டி, குழந்தைகள் கையில் பெற்றோரின் போன் நம்பரோடு பட்டை கட்டிவிட்டு, போலீஸ் நிற்கிறது. சின்ன ஊர்ப் படித்துறைக்கு யார் வருவார்கள்? அதனால் ஐந்தாறு குடும்பம் சேர்ந்து, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே ஸ்டேஷனிலும் ஊராட்சியிலும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். அன்றைக்கு நிலைமை மோசமானால் 100-க்கு அடிக்கும்போது, ‘எழுதிக் கொடுத்திருக்கிறோமே’ என்று ஒரு வார்த்தை சொல்லலாம், அதற்குக் கொஞ்சம் கனம் உண்டு.

கேள்வி: திருவள்ளுவர் தினத்தன்று டாஸ்மாக் மூடித்தானே இருக்கிறது, அப்புறம் எங்கிருந்து வருகிறது இவ்வளவு சரக்கு?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கியவருக்கு ஒரு நாள் லீவு விட்டோம், அவ்வளவுதான். மூடப்போவது ஊருக்கே தெரியும். முதல் நாளே வாங்கி வீட்டில் அடுக்கியாகிவிடுகிறது. போதாததற்கு, மறுநாள் காணும் பொங்கலன்று பகல் 12 மணிக்குக் கடை திறந்துவிடும். கட்டுச்சோறு பிரிக்கிற நேரம்!

கேள்வி: வருஷம் முழுக்க உழைக்கிறவன் பண்டிகைக்கு ஒரு நாள் குடித்தால் என்ன குறைந்துவிடும்?
(வாசகர், ஓசூர்)

பதில்: உங்கள் வீட்டில், கதவுக்கு உள்ளே, வீட்டில் இருப்பவர்களுக்குச் சம்மதம் என்றால் நான் யார் கேட்க? ஆற்றில் பாட்டிலை உடைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் 2022-ல் நீலகிரியில் ஆரம்பித்து மற்ற மாவட்டங்களுக்கும் வந்திருக்கிறது. உடைத்த பாட்டிலுக்கு அதுவும் கிடையாது.