இன்சுலின் ஊசி: வலியும் பயமும் (கேள்வி பதில்)

சுகர் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். இன்சுலினைத் தாங்களாகவே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வலி, பயம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். எத்தனை யூனிட் என்பதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

சிஸ்டர், இன்சுலின் போட்டுக்கொள்ளப் புதிதாகப் பேனா மாதிரி ஊசி கொடுத்திருக்கிறார்கள். வயிற்றருகே கொண்டுபோனால் கை நடுங்குகிறது. குடலில் குத்திவிடாதா?

குத்தாது ஐயா. இப்போது வரும் பேனா ஊசி பெரும்பாலும் 4 மி.மீ. நீளம்தான். அதில் பாதிக்கு மேல் தோலுக்கே சரியாகப் போய்விடும். மிச்சம் கொழுப்பில் நின்றுவிடும். சின்ன வயதில் இடுப்பில் போட்ட ஊசியை நினைத்துப் பயப்படுகிறீர்கள், அது சதையில் போடுவது. உட்கார்ந்து வயிற்றைத் தளர்த்திக்கொள்ளுங்கள். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, நேராக, தயங்காமல் உள்ளே விடுங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால்தான் வலி. பட்டனை முழுதாக அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுங்கள்.

போட்டதும் எரிகிறதே?

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடுகிறீர்களா? ஜில்லென்ற மருந்து எரியும். அரை மணி நேரம் முன்பே எடுத்து வையுங்கள். ஸ்பிரிட் தடவினால் அது காய்ந்த பிறகு குத்துங்கள். குளித்துச் சுத்தமாக இருக்கும் தோலுக்கு வீட்டில் ஸ்பிரிட் கட்டாயமும் இல்லை. கிளார்ஜின் என்ற வகை இன்சுலினுக்கு அமிலத்தன்மை உண்டு, சிலருக்கு அதனாலும் லேசாக எரியும்.

ஒரே ஊசியை ஒரு வாரம் ஓட்டலாமா? விலை கட்டுப்படியாகவில்லை.

ஒரு தடவைக்கு ஒரு ஊசி என்பதுதான் முறை. திரும்பத் திரும்பக் குத்தினால் முனை மழுங்கும், வலி கூடும், தோல் தடிக்கும். கஷ்டம் புரிகிறது. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், விலை குறைந்த வழி இருந்தால் சொல்வார். ஒன்று மட்டும்: ஒருவர் ஊசியையோ பேனாவையோ இன்னொருவர் தொடவே கூடாது.

அம்மாவுக்கு வயிற்றில் ஒரு இடத்தில் போட்டால் வலிப்பதே இல்லை. அங்கேயே போடச் சொல்கிறார். போடலாமா?

கூடாது. அந்த வலிக்காத இடம்தான் கவலை. ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே கொழுப்பு தடித்திருக்கும். உணர்வு குறைந்திருப்பதால் வலி தெரியாது. ஆனால் மருந்தும் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. இன்றைக்கு 300, நாளைக்கு அதே இட்லிக்கு 90 என்று சுகர் ஆடும். டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். சில கட்டிகள் கண்ணுக்குத் தெரியாது, சோப்பு நுரை போட்டு விரல்நுனியால் தடவினால் அகப்படும்.

அதற்காக நாளைக்கே அதே டோஸை நல்ல இடத்தில் போட்டுவிடாதீர்கள்! மருந்து முழுதாக ஏறி சுகர் சட்டென்று இறங்கிவிடும். முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். மாற்றிய புதிதில் அடிக்கடி சுகர் பாருங்கள், குளுக்கோஸ் கையில் இருக்கட்டும். அப்புறம் வயிற்றை நாலு பாகமாகப் பிரித்து, வாரம் ஒரு பாகம், ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தள்ளிப் போடலாம். எங்களிடம் வரும் ஒரு பாட்டி தினசரி காலண்டர் தாளில் 'வலது மேல்', 'இடது கீழ்' என்று எழுதிவைக்கிறார். ஆளுயர சார்ட்டை விட அது நன்றாக வேலை செய்கிறது.

ஆறு வயது மகளுக்கு டைப் 1 சுகர், தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். பேனாவைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறாள்.

'சேட்டை பண்ணினால் ஊசிதான்' என்று வீட்டில் யாராவது மிரட்டினால் முதலில் அதை நிறுத்துங்கள். 'வலிக்கவே வலிக்காது' என்ற பொய்யும் வேண்டாம், ஒரு தடவை வலித்தால் அப்புறம் உங்களை நம்பமாட்டாள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிச் சில நொடி வைத்தால் அந்த இடம் மரத்துப்போகும். தொடையா, வயிறா என்று அவளே சொல்லட்டும். ஒல்லியான பிள்ளை என்றால் தோலை இரண்டு விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்துப் போடுங்கள். தயார்செய்வதையெல்லாம் அவள் கண்ணில் படாமல் முடித்துக்கொண்டு கூப்பிடுங்கள். காத்திருக்கும் நேரம்தான் பயத்தை வளர்க்கும்.

நான் பாட்டில் மருந்தை சிரிஞ்சில் போடுகிறேன். சிவப்பு மூடி சிரிஞ்ச் இல்லை, ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் மெல்லிசு, வலிக்காது என்று மெடிக்கலில் கொடுத்தார்கள்.

பாட்டிலில் 40 (ஒரு மி.லி.யில் 40 யூனிட்) என்று இருந்தால் அந்த ஆரஞ்சு சிரிஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 40-க்குச் சிவப்பு, 100-க்கு ஆரஞ்சு. 40 பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 பாட்டிலுக்குச் சிவப்பு சிரிஞ்ச் போட்டால் அதே 20 கோட்டுக்கு 50 யூனிட் ஏறும், அது உயிருக்கே ஆபத்து.