ஏசியை டிசி ஆக்குவது: அண்ணாச்சியிடம் கேள்விகள்

ஆம்ப்ளிபயர், பவர் சப்ளை வேலை பார்க்கிறவன் நான். லைனில் திசை மாறி மாறி வரும் ஏசி கரண்டை ஒரே திசையில் ஓடும் டிசி ஆக்குவது பற்றிப் பல ஊர்க்காரர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர்தான் போட்டேன். பிரிட்ஜ், கண்டன்சருக்கு அப்புறம் மீட்டர் 16க்கு மேல் காட்டுது. மீட்டர் கோளாறா?

மீட்டர் சரிதான். 12 என்பது ஆர்எம்எஸ் கணக்கு, அதாவது அதே சூட்டைத் தரும் டிசிக்குச் சமமான அளவு. அலையின் உச்சி அதைப்போல 1.414 மடங்கு, சுமார் 17 வோல்ட். கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது டயோடு, நான்கு டயோடு சேர்ந்தது பிரிட்ஜ். பிரிட்ஜில் எப்போதும் இரண்டு டயோடு வழியாகத்தான் கரண்ட் போகும், ஒன்றுக்கு 0.7 வீதம் 1.4 போனால் 15.6. சார்ஜைச் சேர்த்து வைக்கும் கண்டன்சர் அந்த உச்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் கருவி, இல்லாதபோது டிரான்ஸ்பார்மரே 12க்கு மேல் தரும். 16 வோல்ட் வரைதான் தாங்கும் கண்டன்சர் போட்டிருந்தால் மாற்றி 25 வோல்ட் போடுங்கள். கழற்றும் முன் சார்ஜை இறக்குங்கள்.

வள்ளியூர்: கோயில் கொடைக்கு செட் போட்டோம். வில்லுப்பாட்டு தொடங்கினதும் பெட்டியில் ஒரே ஊம் சத்தம். 1000 மைக்ரோ கண்டன்சர் இருக்கு, போதாதா?

அருமையான கேள்வி. முதலில் வால்யூமைக் குறைத்துப் பாருங்கள். ஊம் சேர்ந்து குறைந்தால் மைக் ஒயர் ஷீல்டையோ எர்த்தையோ பாருங்கள். குறையவில்லை என்றால் பெரும்பாலும் பவர் சப்ளைதான். லைன் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் அலையின் இரண்டு பாதியையும் எடுப்பதால் ஊம் 100 ஹெர்ட்ஸில் வரும். ஒரு டயோடு ஓப்பனாகிவிட்டால் ஒரு பாதிதான் கிடைக்கும், 50க்கு இறங்கிவிடும். காது பழகினால் கேட்டதுமே பிடிபடும்.

கணக்கு எளிது: ஆம்பியரை 100ஆலும் கண்டன்சரின் பாரட் அளவாலும் (1000 மைக்ரோ என்றால் 0.001 பாரட்) வகுத்தால் ரிப்பிள், அதாவது டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம். 1 ஆம்பியருக்கு 1000 மைக்ரோ என்றால் 10 வோல்ட் வரும். உண்மையில் கொஞ்சம் குறையும், ஆனாலும் தாங்காது. 4700 போட்டால் 2 வோல்ட் சுமார்.

சங்கரன்கோவில்: அப்படின்னா 47,000 போட்டா ஊமே இருக்காதே?

தென்காசி: நான் போட்டிருக்கேன் அண்ணாச்சி, நல்லாத்தான் ஓடுது.

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கண்டன்சர் பெரிதாக ஆக, வோல்டேஜ் கொஞ்சமே இறங்கும். அதனால் அலை உச்சியைத் தொடும் சிறு நேரத்தில்தான் டயோடு திறக்கும். லோடு தின்றதையெல்லாம் அந்த நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். சராசரியைப்போலப் பல மடங்கு கரண்ட் குத்தலாகப் பாயும், டிரான்ஸ்பார்மர் சூடேறும். சுவிட்ச் போடும் நொடியில் காலிக் கண்டன்சர் ஷார்ட் மாதிரியே நிற்கும். 4007 நம்பர் டயோடு சராசரி 1 ஆம்பியர்தான் தாங்கும்.

தென்காசி: ஒரு வருஷமா ஓடுதே!

ஓடட்டும். லோடோடு ஒரு மணி நேரம் விட்டு, பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரான்ஸ்பார்மர் சூட்டைப் பாருங்கள். ரிப்பிள் சுத்தமாகப் போக வேண்டிய சின்ன சர்க்யூட்டுக்கு 7812 போடுங்கள், அது வோல்டேஜை 12இலேயே நிறுத்தும் ரெகுலேட்டர் ஐசி. அதற்கு உள்ளே வரும் வோல்டேஜ், ரிப்பிளின் பள்ளத்திலும் 14க்கு மேல் நிற்க வேண்டும். மைக் சிக்னலை முதலில் பெரிதாக்கும் பிரிஆம்ப்ளிபயருக்கு அதுதான் வழி.

பாளையங்கோட்டை: 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர், 33 காட்டுது. ஏன்?

முதல் பதிலில் 12 இருக்கிற இடத்தில் 24 போடுங்கள். கண்டன்சர் 50 வோல்ட்.

களக்காடு: 9 வோல்ட்டுக்கு 12 வருதே?

மேலே இருக்கிறது தம்பி. படித்துவிட்டுக் கேளுங்கள்.

கயத்தாறு: இங்கே காற்றாலைகளிலும் இதே வேலைதானா?

பல புது வகைகளில் ஆமாம். காற்றின் வேகம் மாறினால் ஜெனரேட்டரின் ஹெர்ட்ஸும் மாறும். அதை டிசி ஆக்கி, இன்வெர்ட்டரில் சரியான 50 ஹெர்ட்ஸ் ஏசியாகத் திருப்பி லைனில் விடுவார்கள்.

ராதாபுரம்: சோலார் பேனல் எது வாங்கலாம்?

அது என் வேலை இல்லை. பேனல் மாட்டுகிறவர்களைக் கேளுங்கள்.

நாங்குநேரி: எஸ்எம்பிஎஸ் திறந்து பார்க்கணும். சுவிட்சை அணைச்சா போதும்தானே?

போதாது. எஸ்எம்பிஎஸ் என்பது அதிவேக சுவிட்சிங்கில் ஓடும் பவர் சப்ளை. அதில் 230 வோல்ட் ஏசி நேராக டிசி ஆகி, பெரிய கண்டன்சரில் சுமார் 325 வோல்ட் உட்கார்ந்திருக்கும். ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்குங்கள். 2000 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் பிடியோடு அந்தக் கண்டன்சரின் இரண்டு காலிலும் சில நொடி வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்க வேண்டாம். அப்புறம் மீட்டர் வைத்து 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.