வீடு காய்ந்துவிட்டது, தெரு காயவில்லை

கேள்வி: எங்கள் வீடு கடலூரில் தென்பெண்ணை ஓரம். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையைத் திறந்தபோது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்று வாரம் ஆகிறது. சேற்றை வாரிக் கழுவிவிட்டோம். ஆனால் என் எட்டு வயது மகனுக்கு இரண்டு வருடமாக இல்லாத வீசிங் திரும்ப வந்துவிட்டது. தெருவில் விளையாடிவிட்டு வந்தால் ராத்திரி முழுக்க இருமல். பூசணம் வீட்டுச் சுவரில்தானே இருக்கும், வெளிக்காற்றிலுமா? ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா?

பதில்: வெளிக்காற்றிலும் இருக்கிறதம்மா. சாதாரண நாளிலேயே இருக்கும், வெள்ளம் வடிந்த ஊரில் இன்னும் அதிகம். நனைந்த பஞ்சு, அட்டை, பலகை, அரிசிச் சாக்கு எதுவானாலும் ஒன்றிரண்டு நாளில் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். உங்கள் வீட்டை நீங்கள் கழுவிவிட்டீர்கள், சரி. தெரு முழுக்க எத்தனை வீட்டு மெத்தை வெளியே கிடக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

போன வாரம் ஒரு நோயாளியைப் பார்க்க உங்கள் பக்கம் வந்திருந்தேன். காம்பவுண்டு சுவரில் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டு ஒருவர் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார். உறையில் கடுகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு அடிக்கும் வெயிலில் லேசான புகை போல ஏதோ எழும்பியது. அவர் அதைத் தூசி என்று நினைத்திருப்பார். அதில் பூஞ்சை வித்துகளும், அதாவது பூசணம் பரவ விடும் நுண்துகள்களும், இருந்திருக்கும். முடி ஒன்றின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்துகள் பல உண்டு, மூச்சுக்குழாய்க்குள் இறங்க அவற்றுக்குத் தடையே இல்லை.

ஈரமாக ஒட்டிக்கிடக்கும்போது இவற்றில் பல அவ்வளவாகப் பறக்காது. காய்ந்து, வெயிலும் காற்றும் வந்து, யாராவது பெருக்கி உதறும்போதுதான் கிளம்பும். மழை விட்டு இத்தனை நாள் கழித்து உங்கள் மகனுக்கு இழுப்பு வர அதுவும் ஒரு காரணம்.

2005ல் கத்ரீனா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 80 சதவீதம் முங்கிப்போனது. தண்ணீர் வடிந்த பிறகு அக்டோபர், நவம்பரில் அங்கே காற்றைப் பிடித்துச் சோதித்தார்கள். வெள்ளம் புகுந்த பகுதிகளின் வெளிக்காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சராசரியாக 66,000க்கு மேல் வித்துகள். புகாத பகுதிகளில் அதில் பாதி, சுமார் 33,000. அந்த நாட்டு அலர்ஜி அளவுகோலில் 50,000ஐத் தாண்டினாலே 'மிக அதிகம்'. ஆனால் அதே ஆய்வில் வெள்ளம் புகுந்த ஒரு வீட்டுக்குள் 6,45,000 இருந்தது. நம் ஊர்க் காற்றும் அப்படியே என்று சொல்ல மாட்டேன். ஜன்னல் விஷயத்தில் என் பதில் மட்டும் இதிலிருந்து வருவதுதான்.

திறந்து வையுங்கள். தெருக்காற்று மோசம்தான், ஆனால் ஈரச் சுவரோடு பூட்டிக்கிடக்கும் அறை அதைவிட மோசம். தெருவில் குப்பை அள்ளும்போதும், மெத்தை உதறும்போதும், நனைந்த சாமானைக் கொளுத்தும்போதும் மட்டும் மூடுங்கள். அந்த நேரத்தில் பையன் வெளியே நிற்கக் கூடாது. குப்பைக் குவியல் ஓரத்தில் கிரிக்கெட் வேண்டாம், மாநகராட்சி வண்டி வந்து அள்ளிப்போகும் வரை வேறு இடம் பார்க்கட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. முடைநாற்றம் போக சாயங்காலம் சாம்பிராணி போடுகிறீர்களா? இந்த மூன்று வாரத்தில் வீசிங்கோடு வந்த குழந்தைகளின் வீடுகளில் பாதிக்கு மேல் அந்தப் புகை இருந்தது. பாட்டிமார்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, கொசுவத்தியோடு சேர்த்து அதையும் நிறுத்துங்கள். சுவரில் மிச்சமிருக்கும் பூசணத்தைச் சோப்புத் தண்ணீரால் ஈரமாகவே தேய்த்து எடுங்கள், உலர்ந்த துடைப்பம் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் தெளித்தால் மட்டும் போதாது, செத்த வித்தும் அலர்ஜி கொடுக்கும். பிளீச்சிங்கோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தேய்ப்பவர் என்95 மாஸ்க் போட வேண்டும். மூக்கில் துண்டு கட்டுவது மனத்திருப்திக்கு மட்டும்தான்.

பூஞ்சையைக் கண்டுபிடிக்கும் டெஸ்டுக்கெல்லாம் இப்போது காசு செலவழிக்க வேண்டாம். எது கிடைத்தாலும் முதலில் செய்வது ஒன்றுதான். ராத்திரி இருமல் தினமும் வருகிறது என்றால், இழுக்கும்போது அடிக்கும் பஃப் மட்டும் போதாது. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைச் சில மாதம் தொடர வேண்டியிருக்கும், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பழகிப்போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஸ்பேசர், அதாவது இன்ஹேலரோடு மாட்டும் குழாய், வைத்து அடித்து, பிறகு வாய் கொப்பளித்தால் போதும். பேச்சு பாதியில் நின்று மூச்சு வாங்கினால், விலா எலும்புக்கிடையே தோல் உள்ளிழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் காலைவரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அது வேறு கதை, எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடனே காட்டுங்கள்.

அப்புறம், இரண்டு வருடம் முன்பு வாங்கிய பஃப் அலமாரியில் இருந்திருக்கும். வெள்ளத்தில் நனைந்திருந்தால் துடைத்து வைத்துக்கொள்ளாதீர்கள். புதிது வாங்குங்கள்.