அத்தை சொன்னார் என்று மாத்திரையை விட்டுவிட்டேன், சரியா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டுகிறேன். பத்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. தைத்துக்கொண்டிருக்கும்போதே காது மடல் வரை குப்பென்று சூடேறி வியர்த்துக் கொட்டுகிறது. சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையில் இரண்டு தடவையும் 60க்கு மேல், மிக அதிகம். சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவிட்டது என்று டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். கேன்சர் வரும் என்று அத்தை பயந்ததால் நிறுத்திவிட்டேன். பிராய்லர் கோழி தின்றதால்தான் இப்படி என்றும் சொல்கிறார்கள். இனி குழந்தையே பிறக்காதா?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: நிறுத்தியது சரியில்லை அம்மிணி. அத்தை மேல் வருத்தப்படாதீர்கள், அந்தப் பயம் உலகம் முழுக்கப் பரவியதுதான். ஹார்மோன் மாத்திரை பற்றி 2002இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு அதற்குக் காரணம், ஆனால் அதில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுப் பெண்கள், மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயதைத் தொட்டவர்கள். உங்கள் கதை வேறு. 27 வயதில் உடம்பில் ஊறிக்கொண்டிருக்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஊறவில்லை, அதைத்தான் மாத்திரையாகத் தருகிறோம். தைராய்டு குறைந்தவர் தினமும் காலையில் மாத்திரை போடுகிறாரே, அப்படி. போடாமல் விட்டால் வியர்வையோடு போகாது, எலும்பு தேயும், இதயத்துக்கும் கேடு. அதனால் ஏறக்குறைய 50 வயது வரை தொடர வேண்டியிருக்கும்.

ஒன்று முக்கியம். மறுபடி தீட்டு வருகிறதே என்று சிலர் ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்துத் தரும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனை மட்டும் விட்டுவிடுகிறார்கள். கருப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகப் போடவே கூடாது, உள்சவ்வு தடித்து அதுவே புற்றுநோய்க்கு வழி விடும்.

பிராய்லர் கோழியும் காரணமில்லை, நீங்கள் பார்க்கும் ஒன்றரை ஷிப்டும் காரணமில்லை. பெரும்பாலும் காரணமே பிடிபடுவதில்லை. ஆனாலும் தைராய்டு, குரோமோசோம் பரிசோதனைகளும், எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேனும் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

குழந்தை? இந்த நிலையிலும் சினைப்பை எப்போதாவது விழித்துக்கொள்ளும், நூற்றில் சுமார் ஐந்து பேருக்குத் தானாகவே கரு தங்குகிறது. தானமாகக் கிடைக்கும் கருமுட்டை வைத்தும் உங்கள் கருப்பையிலேயே சுமக்கலாம். இந்த மாத்திரை கருத்தடை மாத்திரை அல்ல, கருவையும் தடுக்காது.

பழைய சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அதே டாக்டரிடம் போங்கள். வீட்டில் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ காலில் ரத்தக் கட்டோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பேட்ச் கூடத் தரலாம். அத்தையையும் கூட்டிப் போங்கள், அவர் கேட்க நினைப்பதை அவரே கேட்கட்டும்.