தெரபிஸ்ட் விடுப்பில் போகிறார், நான் நின்றுவிடட்டுமா?

கேள்வி:

எனக்கு வயது 38. மனைவி அலுவலகத்திலிருந்து கிளம்பியதும் கைப்பேசியில் லொகேஷனைத் திறந்து வைத்துக்கொள்வேன். வரைபடத்தில் அவள் முகம் போட்ட அந்தச் சின்ன வட்டம் நகர்ந்துகொண்டிருந்தால் நிம்மதி. எங்காவது ஐந்து நிமிடம் நின்றுவிட்டால் உள்ளங்கை வேர்த்துவிடும். போனை எடுக்கவில்லையா, விபத்து, ஆம்புலன்ஸ் என்று மனம் ஓட ஆரம்பித்துவிடும். ஒரு வருடமாக இப்படித்தான். "நான் என்ன கைதியா?" என்று போன மாதம் கேட்டேவிட்டாள். இந்த வயதில் இப்படியா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான்கு மாதமாக ஒரு தெரபிஸ்டிடம் போகிறேன். சைக்கோடைனமிக் முறையாம். மூச்சுப் பயிற்சி, வீட்டுப்பாடம் எதுவும் கிடையாது. வாரம் ஒருமுறை 50 நிமிடம் பேச்சுதான். எனக்கு ஏழு வயதில் அம்மா "சாயங்காலம் வந்துடுவேன்" என்று ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வந்தார். அதையே தெரபிஸ்ட் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார். அம்மாதான் நல்லபடியாக வந்துவிட்டாரே! வந்த அன்று நான் கிட்டே போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றேனாம், பாட்டி சொல்லிச் சிரிப்பார். அவ்வளவுதான் விஷயம். போன வாரம் தெரபிஸ்ட் மூன்று வாரம் விடுப்பு என்றார். அன்றே தோன்றிவிட்டது, இது எனக்குச் சரிப்படாது. நிறுத்திவிடட்டுமா?

பதில்:

வெட்கத்தை முதலில் தள்ளி வையுங்கள். நெருங்கியவரைப் பிரிந்தால் வரும் இந்தப் பயத்துக்குப் பிரிவுப் பதற்றம் என்று பெயர். அது 18 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013-ல் எடுத்துவிட்டது. பெரியவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதமாவது நீடித்தால் கணக்கில் எடுப்பார்கள்.

நிறுத்துவது உங்கள் உரிமை. ஆனால் நான்கு மாதமாகச் சரிப்பட்டு வந்தது, அவர் விடுப்பு என்று சொன்ன அன்றைக்கே சரிப்படாமல் போனது எப்படி?

பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் மருத்துவமனையில் தாயைப் பிரிந்து கிடந்த குழந்தைகளைக் கவனித்தார்கள். உங்களைவிடச் சின்னக் குழந்தைகள்தான். முதலில் கதறின. பிறகு துவண்டன. அப்புறம் தேறிவிட்டதுபோல விளையாடின. ஆனால் தாய் வந்து நின்றபோது யாரோ எவரோ என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டன. பாட்டி சிரித்த அந்தக் கதவு எனக்கு இங்கேதான் ஞாபகம் வருகிறது. இப்போதும் அதே கதவுக்குப் பின்னால்தான் போகப் பார்க்கிறீர்களோ? இந்த முறை, தெரபிஸ்ட் கிளம்புவதற்கு முன்பாகவே.

சைக்கோடைனமிக் சிகிச்சை வேலை செய்யும் இடம் இதுதான். பழைய பிரிவை நினைவிலிருந்து தோண்டி எடுப்பதோடு அது முடிவதில்லை. அந்தப் பிரிவு தெரபிஸ்டுக்கும் உங்களுக்கும் நடுவில் மறுபடி நடக்கும். ஏழு வயதில் யாரும் உங்களிடம் கேட்கவில்லை. இப்போது நடக்கும்போதே வாய்விட்டுப் பேச ஓர் ஆள் இருக்கிறார். இன்னொன்றையும் அவர் தேடக்கூடும்: அந்த ஆம்புலன்ஸ் கற்பனைக்கு அடியில், விட்டுப் போகிறவர் மேல் கோபம் இருக்கிறதா என்று. அன்பானவர் மேல் கோபப்பட்டால் அவரை இழந்துவிடுவோம் என்று பயப்படுகிறவருக்கு, கோபமே பயமாக வேஷம் மாறி வருவதுண்டு. உங்களுக்கு அப்படித்தான் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.

பலன் உண்டா என்பீர்கள். திடீர்ப் பீதி வருகிற 49 பேரிடம் இந்த வகைச் சிகிச்சையை உடல் தளர்வுப் பயிற்சியோடு ஒப்பிட்ட ஆய்வு 2007-ல் வெளியானது. 12 வாரத்தில் 24 அமர்வுகள். தளர்வுப் பயிற்சியைவிட இந்தச் சிகிச்சையில் தேறியவர்களே அதிகம். அந்தச் சிகிச்சையில் கடைசிப் பகுதி முழுக்கத் தெரபிஸ்டைப் பிரியப்போவதைப் பற்றித்தான் பேசுவார்கள். பெரியவர்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே நடந்த ஆய்வுகள் இன்னும் குறைவு. எண்ணத்தையும் பழக்கத்தையும் பயிற்சியால் மாற்றப் பார்க்கும், வீட்டுப்பாடத்தோடு கூடிய சிபிடி முறையும் நல்ல வழிதான், பிறகு அதற்கு மாறினாலும் தப்பில்லை. தூக்கம் கெட்டால், வேலை ஓடாவிட்டால் மனநல மருத்துவரையும் பாருங்கள், மருந்து தேவைப்படலாம்.

மாறுவதாக இருந்தாலும் விடுப்புக்கு முந்தைய அமர்வுக்குப் போய், எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். "நீங்கள் போகிறேன் என்றதும் எனக்கு இங்கே வரப் பிடிக்கவில்லை." இவ்வளவு போதும். அந்த மூன்று வாரத்தில் அவசரமென்றால் யாரை அழைப்பது என்றும் கேட்டு வையுங்கள். லொகேஷனை ஒரேயடியாக அணைக்க வேண்டாம். எப்போது பார்ப்பது, எப்போது பார்ப்பதில்லை என்று மனைவியோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மூன்று வாரம் கழித்து அவர் வந்ததும் உங்களுக்குப் பேசவே பிடிக்காமல் போகலாம். அதையும் அவரிடமே சொல்லுங்கள்.