பாலத்துக்கு இரண்டு பக்கமும்: சிங்கப்பூர் - மலேசியா கேள்வி பதில்

சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபிறகு வந்த தகராறுகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: மலேசியா சிங்கப்பூரைத் துரத்திவிட்டது, அவ்வளவுதானே?

பாதிதான் சரி. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பிரித்துவிடுவதென்று முடிவெடுத்ததும் 1965 ஆகஸ்ட் 9 அன்று நாடாளுமன்றத்தில் அது நிறைவேறியதும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே இந்தப் பக்கம் சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீயும் அந்தப் பக்கம் மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்கும் கமுக்கமாகப் பேசிவைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த சிங்கப்பூர் அமைச்சர் எஸ். ராஜரத்தினம் மனசே இல்லாமல்தான் பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

கேள்வி: அண்ணே, மலேசியா சிங்கப்பூருக்குத் தருகிற 1000 கேலன் தண்ணீர் 3 சென் (100 சென் ஒரு ரிங்கிட்). இது பகல் கொள்ளை இல்லையா?

3 சென் என்கிறவர்கள் 50 சென் பற்றிச் சொல்வதில்லை தம்பி. 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு பங்கைச் சுத்திகரித்து 1000 கேலன் 50 சென் என்று ஜொகூருக்கே திருப்பி விற்கிறது, சுத்திகரிக்கும் செலவே 2 ரிங்கிட் 40 சென் என்பது சிங்கப்பூரின் கணக்கு. 25 வருஷம் கழித்து விலையைத் திருத்தலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. 1987இல் மலேசியா கேட்கவில்லை, 3 ஏறினால் 50ம் ஏறுமே! பிற்பாடு கேட்டபோது தவணை முடிந்தது என்றது சிங்கப்பூர், அதற்கப்புறமும் கேட்கலாம் என்றது மலேசியா. என்னைக் கேட்டால் 3 சென் இந்தக் காலத்துக்கு ஒரு விலையே இல்லை. இருந்தாலும் சிங்கப்பூரின் பயம் வேறு. இந்தத் தண்ணீருக்கான உத்தரவாதம் பிரிவினைப் பத்திரத்திலேயே இருக்கிறது, அதில் ஒரு வரியில் கைவைக்க விட்டால் மற்ற வரிகள் என்னாகும்? ஒப்பந்தம் முடியும் 2061 வரை இந்த இழுபறி ஓடும்.

கேள்வி: சிங்கப்பூருக்குள் மலேசிய ரயில் நிலையம் இருந்ததாமே?

தஞ்சோங் பகாரில், 2011 வரை. கூத்து என்னவென்றால், 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை எல்லையோரம் உள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியா நகர மறுத்தது. ஆக தஞ்சோங் பகாரில் ரயில் ஏறும்போதே நீங்கள் மலேசியாவுக்குள் போய்விட்டீர்கள், அரைமணி நேரம் கழித்து உட்லண்ட்ஸில் இறங்கி வரிசையில் நின்றால்தான் சிங்கப்பூரைவிட்டுக் கிளம்புகிறீர்கள்! நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்டுதான் தீர்ந்தது. 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஓட்டிப்போனது ஜொகூர் சுல்தானே. பிறகு மலேசியாவின் மாமன்னராகவும் ஆனார்.

கேள்வி: பெட்ரா பிராங்கா தீவு யாருக்கு?

சிங்கப்பூருக்கு. பக்கத்துப் பாறைகளான மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. 2008இல் அனைத்துலக நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு.

கேள்வி: 2022இல் கோழி வராமல் போனதும் பழைய பகையா?

இல்லை, மலேசியாவிலேயே கோழி விலை எகிறியது. ஜூன் 1 முதல் ஏற்றுமதிக்குத் தடை. சிங்கப்பூர் வாங்கும் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது, அதனால் கோழிச் சோற்றுக் கடைக்காரர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அக்டோபரில் உயிர்க்கோழி மறுபடி வந்தது.

கேள்வி: ஒரு காலத்தில் ரெண்டு நாட்டு வெள்ளியும் (டாலரும்) ஒரே மதிப்பா?

ஆமாம். 1967இல் தனித்தனி நோட்டு வந்தபிறகும் 1973 வரை ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டார்கள். இப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல். விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வருகிற கூட்டத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கேள்வி: டேங்க் காலியாகப் போய் ஜேபியில் (ஜொகூர் பாருவில்) பெட்ரோல் போட்டு வரலாமா சார்?

சிங்கப்பூர் வண்டி என்றால் கூடாது. 1989இல் அரை டேங்க், 1991 முதல் முக்கால் டேங்க் இருந்தால்தான் வெளியே விடுவார்கள், இல்லாவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம். எல்லாரும் அங்கே போய் நிரப்பினால் இங்கே பெட்ரோல் வரி என்னாவது? என் நண்பர் ஒருவர் முள் ஒரு மயிரிழை கீழே நின்றதால் திரும்பிப் போய், பெட்ரோல் போட்டு, மறுபடி வரிசையின் கடைசியில் நின்றார். அப்புறம் ஜேபியில் மஞ்சள் கைப்பிடி உள்ள பம்பைத் தொடாதீர்கள். அது ரான் 95 ரகப் பெட்ரோல், அரசு மானிய விலை, வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது.