சாந்த் விக்துவார் மலை: ஜாகிங் ஷூவில் ஏறலாமா?

கேள்வி: ஜூன் நடுவில் அலுவலக வேலையாகப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகருக்குப் போகிறேன். ஒரு ஞாயிறு ஓய்வு கிடைக்கும். ஊருக்குக் கிழக்கே தெரியும் சாந்த் விக்துவார் மலையில், சிலுவை வரை ஏற ஆசை. 1,000 மீட்டர்கூட இல்லையாமே! காலை பத்து மணிக்குக் கிளம்பி, ஜாகிங் ஷூவும் ஒரு லிட்டர் தண்ணீருமாகப் போனால் போதுமா? எந்தப் பாதை நல்லது?

பதில்: ஏறலாம், தயங்காமல் போங்கள். ஆனால் நீங்கள் சொன்ன நேரம், தண்ணீர், ஷூ மூன்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சிலுவை நிற்கும் இடம் 946 மீட்டர்தான். மலையின் மிக உயரமான முகடு அதற்குக் கிழக்கே இருக்கிறது, 1,011 மீட்டர். இந்த எண்களை வைத்து மலையை எடை போடாதீர்கள். இது முழுக்கச் சுண்ணாம்புக்கல். உங்களைக் களைக்க வைப்பது உயரத்தைவிட அந்தக் கல்தான்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, விரிசல்களை அகலமாக்கிவிடும். அப்புறம் பெய்கிற மழையெல்லாம் அந்த வழியே உள்ளே இறங்கி, எங்கோ அடிவாரத்தில் ஊற்றாக வெளிவரும். மேலே ஓடையும் இல்லை, சுனையும் இல்லை. முகட்டுக்குச் சற்றுக் கீழே 17-ஆம் நூற்றாண்டு மடம் ஒன்று உண்டு. உட்கார்ந்து இளைப்பாறலாம், குடிநீரை மட்டும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஜூன் மாதத்துக்கு ஒருவருக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பாறையில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் முகத்தில் அடிக்கும். தொப்பி மட்டும் போதாது, கறுப்புக் கண்ணாடியும் வேண்டும்.

ஷூ விஷயத்துக்கும் இதே கல்தான் காரணம். கரைந்த இடங்களில் பாறை கத்தி விளிம்புபோல் நிற்கும். மெத்தென்ற ஜாகிங் ஷூவில் அது பாதத்தில் உறைக்கும். நிறையப் பேர் மிதித்த இடங்களிலோ நேர்மாறாக, கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிடும். காய்ந்திருந்தாலே வழுக்கும், ஈரமானால் நிற்கவே முடியாது. கெட்டியான, ஆழமான வரிகள் கொண்ட ரப்பர் அடிப்பாகமுள்ள ஷூ வாங்கி, பயணத்துக்கு முன்பே சில நாள் போட்டுப் பழகுங்கள். நடக்கும்போது பளபளப்பைத் தவிர்த்து, சொரசொரப்பான இடம் பார்த்துக் கால் வையுங்கள். பலர் விழுவது இறங்கும்போதுதான். களைப்பில் எட்டி எட்டி வைக்கத் தோன்றும். குறுகிய எட்டாக, முழுப் பாதமும் பதிய இறங்குங்கள்.

பாதை என்றால், முதல்முறை போகிறவருக்கு நான் வடக்குப் பக்கத்தைத்தான் சொல்வேன். வோவனார்க் ஊர்ச் சாலையில் உள்ள கபசோல் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. கீழ்ப்பகுதியில் மர நிழல் உண்டு. மேற்கே பிமோன் அணையிலிருந்து வரும் இமுஷா பாதை அழகில் அதை மிஞ்சும். ஆனால் சுமார் 600 மீட்டர் ஏற்றம், பாறை அதிகம், நிழல் குறைவு. தெற்கு முகம் செங்குத்து. கையூன்றி ஏற வேண்டிய இடங்கள் நிறைய இருப்பதால் தனியாகப் போகிறவருக்கு வேண்டவே வேண்டாம். நெடுந்தூரப் பாதைகளில் வெள்ளை, சிவப்புக் கோடுகள் வழிகாட்டும். அதே நிறங்களில் பெருக்கல் குறி கண்டால் அது தப்பான வழி, திரும்பிவிடுங்கள். குறுக்குவழி தேடிப் புதருக்குள் இறங்காதீர்கள். முகட்டுப் பக்கம் கராகாய் என்ற பெரும்பள்ளம் இருக்கிறது. இதுபோன்ற சுண்ணாம்புக்கல் மலைகளில் சின்னப் பொந்துகள் செடி மறைவிலும் இருக்கும்.

பத்து மணி ரொம்பத் தாமதம். விடிந்ததும் ஏறத் தொடங்கினால், வெயில் உச்சிக்கு வருமுன் இறங்கிவிடலாம். மிஸ்த்ரால் என்னும் வடமேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் முகட்டுக்குப் போக வேண்டாம். அன்று வானம் துளி மேகமில்லாமல் தெளிவாக இருக்கும், அதை நம்பிவிடாதீர்கள். அவசரத்துக்கு 112.

இதையெல்லாம்விட முதலில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1989 ஆகஸ்டில் இந்த மலையில் பெரும் காட்டுத்தீ பரவியது. இப்போது ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, தீ அபாயத்தைப் பொறுத்து மலைக்குள் நுழைவதை அரசு நிர்வாகம் கட்டுப்படுத்துகிறது. மறுநாள் நிலவரத்தை முந்தின நாள் மாலையே அறிவித்துவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை மாலை கட்டாயம் பாருங்கள். மூடியிருந்தால் யாரும் பார்க்கவில்லையென்று நுழையாதீர்கள். அந்த மலை எரிந்து மீண்டு வந்திருக்கிறது.

அப்படி மூடிவிட்டால், ஊருக்கு வடக்கே லோவ் குன்றில் ஓவியர்களின் திடல் என்று ஓர் இடம் உண்டு. ஓவியர் செசான் தன் கடைசி ஆண்டுகளில் அங்கே நின்றுதான் இந்த மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சாயங்காலமாகப் போங்கள். மேற்கு வெயில் நேராகப் பாறை முகத்தில் விழும் நேரம் அது.